கெட்டிலுக்குள் நெருப்பு இருக்கிறதா

எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கெட்டிலை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பிரசவத்துக்குக் கள்ளக்குறிச்சிக்குப் போகிறவர்களின் பையில் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். ஆஸ்பத்திரியில் வெந்நீர் வைத்துக்கொள்ள. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் அடுத்த வீட்டு சரோஜாக்கா முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது, கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருந்த கெட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, டீக்குத்தான் என்றேன். அடுப்பைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோயாளியைக் கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

நான் இங்கிலாந்தில் பிறந்தவள். யார்க்ஷயரில், கம்பளி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில். அப்பா கடலூர்ப் பக்கத்துக்காரர், ஆலை வேலைக்குக் கப்பலேறியவர். எனக்குத் தமிழ் தந்தவர். அம்மா அந்த ஊர்க்காரி, ஆங்கிலேயப் பெண். அவளை மம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அம்மா என்று எழுதினால் யாரோ ஒரு புடவைக்காரி என் கண்ணுக்குள் வந்து நிற்கிறாள். லீட்ஸுக்கு எஞ்சினியரிங் படிக்க வந்த குமாரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய அப்பா போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை. மரவள்ளியும் கரும்பும் கூப்பிட்டன என்பார் குமார். என்னை எதுவும் கூப்பிடவில்லை, ஆனாலும் வந்தேன். நாற்பதைத் தாண்டி நாடு மாறுவது, கல்யாண வீட்டிலிருந்து வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்புவது போல. நடக்கலாம், தடுமாற மாட்டோம், ஊர் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் கால் மட்டும் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வரும்.

இங்கிருந்து அங்கே போனவர்கள் எழுதுவதை நிறையப் படிக்கிறேன். குளிரில் இட்லி மாவு புளிக்காத கவலை, கறிவேப்பிலைக்காக மூன்று கடை ஏறி இறங்கிய கதை. படிக்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொள்வேன். அவர்கள் கறிவேப்பிலைக்கு அலைகிறார்கள், நான் கள்ளக்குறிச்சியின் பேக்கரிகளில் இனிப்பில்லாத ரொட்டிக்கு அலைகிறேன். தை மாதம் பிறந்தால் எனக்கு மார்மலேட் கிளற வேண்டும், ஆரஞ்சுத் தோலும் சர்க்கரையும் போட்ட கசப்பு ஜாம். யார்க்ஷயரில் அந்த மாதத்தில்தான் கசப்பு ஆரஞ்சு கடைக்கு வரும். மம் சமையலறைச் சன்னல் முழுக்க ஆவி படிய நின்று கிளறுவாள். இங்கே அதற்கு நாரத்தங்காய். ஸ்கூட்டரில் கல்வராயன் மலையேறி வெள்ளிமலையில் வாங்கி வருவேன். மலைமேல் அந்த மாதத்துப் பனி மரங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, நாம் கிட்டே போனதும் திருப்பித் தரும். என் ஊர் மேட்டுநிலத்துப் பனியும் அப்படித்தான். அதைப் பார்க்கத்தான் போகிறேன், நாரத்தங்காய் சாக்கு.

முதல் வருட மார்மலேடில் ஒரு பாட்டிலை அஞ்சலைக்குக் கொடுத்தேன். அஞ்சலை எதிர்வீடு. மரவள்ளி பிடுங்க, கரும்பு வெட்ட என்று வேலைக்குப் போகிறவள், ஒரு மாடு வைத்திருக்கிறாள், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். மறுநாள் பாலோடு வந்து ஆறுதலாகச் சொன்னாள். "யக்கா, ஊறுகாய்க்கு உப்பு போட மறந்து சக்கரைய கொட்டிட்ட போல. உடு, எல்லாருக்கும் நடக்கிறதுதான். நானே உப்பும் மொளகாத்தூளும் போட்டுக் கிளறிட்டேன். இப்ப கஞ்சிக்கு நல்லாதான் இருக்குது." அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இந்தப் பழைய பழக்கங்களில் எனக்குப் பெரியது நாலு மணித் தேநீர். கெட்டிலில் தண்ணீர் கொதித்து 'டக்' என்று நிற்கும். தேயிலைப் பையைக் கோப்பையில் போட்டு ஊற வைத்து, காய்ச்சி ஆறிய பாலை ஒரு சொட்டு விட்டு, தெருக்கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் பேசாமல் குடிப்பேன். டீயைவிட அந்தச் சாத்திய கதவுதான் சுவை. இங்கே பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, இல்லாவிட்டால் ஆள் ஊரில் இல்லை. ஆரம்பத்தில் சரோஜாக்கா சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "தம்பி அடிச்சிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு தெரு பழகிக்கொண்டது. யாராவது தேடி வந்தால், "அது டீ குடிச்சிக்கினு இருக்குது, அப்பால வா" என்று அஞ்சலை எதிர்வீட்டிலிருந்தே விரட்டிவிடுவாள்.

இந்தத் தையில் அந்தக் கதவும் போயிற்று. வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கியது. நாரத்தங்காய்கள் உருண்டு பள்ளத்துக்குப் போயின, என் இடது கால் எலும்பு இரண்டாயிற்று. முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. கார்ப் பயணம்கூடக் கூடாது, விமானத்தை நினைக்காதே என்றார் டாக்டர். எழுந்து தாழ்ப்பாள் திறக்க முடியாது என்பதால் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. கெட்டிலைக் கூடத்துக் கட்டிலுக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றித் தந்தார் குமார்.

கட்டுப் போட்ட அதே வாரத்தில் தம்பி பீட்டர் போன் செய்தான். மம் தூக்கத்திலேயே போய்விட்டாள். முதியோர் இல்லத்தில் காலை டீ கொண்டுபோன பெண்தான் பார்த்திருக்கிறாள். அவன் குரல் இஸ்திரி போட்டது போல இருந்தது. "நீ வர முடியாது, தெரியும். மம் தப்பா நினைக்க மாட்டாள். தகனம் நடக்கிற கிரெமடோரியத்தில் கேமரா இருக்கிறது, லிங்க் அனுப்புகிறேன்."  பிறகு சொன்னான்: "மாலா, கெட்டிலைப் போடு."

வெளியாருக்கு இது விளங்காது. எங்களுக்கு அது ஆறுதல் வார்த்தை, ஏறக்குறைய மந்திரம். அப்பா இறந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மம் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அது கொதிக்கும்வரை அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள், ஒரு நாயின் தலையைத் தடவுவது போல. அழவில்லை. அக்கம்பக்கத்தார் கார்டு அனுப்பினார்கள், வாசலில் கேக் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அங்கே ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குள் நாங்கள் மூன்று பேரும் டீ குடித்தோம். மழை பெய்தது.

அதனால் நானும் கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் முனக ஆரம்பித்தபோது குமார் வெளியே யாரிடமோ தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. அஞ்சலை உள்ளே வந்தாள். கையில் பால் சொம்பு. என் முகத்தைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள், நேராகப் போய் சுவிட்சை அணைத்தாள்.

"சாவு வூட்ல இன்னாக்கா இது?"

"அஞ்சலை, இது அடுப்பு இல்ல. கரண்ட்டு."

"சூடாவுதா இல்லியா?"

"ஆகுது."

"அப்புறம் இன்னா? பொணத்த எடுக்காம எப்படிக்கா பத்த வெப்ப?" சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை மரவள்ளித் தோல் போலச் சொரசொரத்தது. எனக்கு வேண்டியிருந்தது கெட்டிலின் சூடு.

மாலைக்குள் தெரு எங்கள் கூடத்தில் இருந்தது. மூன்று வீட்டிலிருந்து சோறு வந்தது. சரோஜாக்காதான் கேட்டார். "எப்ப எடுக்கிறாங்க தம்பி?"

குமார் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூணு வாரம் ஆகும்க்கா."

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மூணு வாரமா? வெளியூர்லேர்ந்து யாரு வரணும்? ஐசுல வெச்சிக்கினு இன்னா பண்றாங்க? கிரெமடோரியத்தில் தேதி கிடைக்க வேண்டும், வரிசை இருக்கிறது என்று குமார் விளக்கினார். "கல்யாண மண்டபந்தான் கெடைக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் அஞ்சலை. "அங்க சுடுகாட்டுக்கும் முகூர்த்தத்துல கிராக்கியா?"

ஒருத்தி சிரித்தாள், சரோஜாக்கா அவளை முறைத்தார். பிறகு தீர்ப்புச் சொல்கிற குரலில் பேசினார். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளு தீட்டுதான். ஆனா பெத்தவ இன்னும் பூமி மேலதானே இருக்கா? அவள எடுக்கிற வரைக்கும் இந்த வூட்ல நெருப்பு கூடாது. சோறு நாங்க பாத்துக்குறோம்."

அடுப்புக்கு ஒப்புக்கொண்டேன். எழுந்து நிற்கவே முடியாதவளுக்கு அடுப்பு எதற்கு? கெட்டிலுக்காக மட்டும் வாதாடினேன். அதில் தீ இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. "நெருப்பில்லாம எப்படிடி கொதிக்கும்? கண்ணுக்குத் தெரியாத நெருப்பு," என்றார் சரோஜாக்கா. விவகாரம் எஞ்சினியரிடம் போனது. "தம்பி படிச்சவரு, அவரே சொல்லட்டும். உள்ள நெருப்பு இருக்குதா இல்லியா?" குமார் சுருளைப் பற்றி, மின்தடையைப் பற்றி ஏதோ தொடங்கினார். "செவக்குமா அந்தச் சுருளு?" "வெறும் சுருளா இருந்தா... செவக்கும்." "அப்ப நெருப்புதான்," என்றாள் அஞ்சலை. குமார் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டில் பரணுக்குப் போகவில்லை, அந்த மட்டில் என் அதிர்ஷ்டம்.

அதன் பிறகான நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் ஒரு வீட்டு இட்லி, மதியம் இன்னொரு வீட்டுச் சாமைச் சோறு, பொழுது சாய்ந்தால் ரசம். யார் எந்த வேளைக்கு என்று யாரும் பேசிவைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் ஒரு வேளையும் தவறவில்லை. நாலு மணிக்கு அஞ்சலை கடை டீயைத் தூக்குச் சட்டியில் வாங்கி வருவாள், இஞ்சி தட்டிப் போட்டது, சர்க்கரை ஜாஸ்தி. கூடவே உட்கார்ந்துகொள்வாள். யாராவது எப்போதும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு என்னைச் சுற்றிப் போகும். கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காதது, மணலூர்பேட்டைக்குக் கட்டிக்கொடுத்த மகளின் மாமியார். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. மம்மோடு தனியாக ஒரு கோப்பைத் தேநீர். அது கிடைக்காமல் எனக்குத் துக்கமே வரவில்லை. அது எங்கோ பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்றுகொண்டேயிருந்தது.

ஒரு நாள் நாலு மணி வாக்கில் பொறுக்க முடியவில்லை. எல்லோரும் களைக்கோ ரேஷனுக்கோ போயிருந்த நேரம். அதற்குள் பழகியிருந்த ஊன்றுகோலை ஊன்றித் தெருக்கதவுவரை போய்த் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து கெட்டிலைத் தட்டினேன். அது முனகியது, குமுறியது. அப்போது கதவு தட்டும் சத்தம். "யக்கா." மறுபடி தட்டல். "யக்கா, டீ கொணாந்திருக்கேன்." நான் பேசவில்லை. "யக்கா, உள்ளதான இருக்கிற?" கெட்டில் 'டக்' என்று நின்றது. வெளியேயும் சத்தம் நின்றது.

அந்தத் தேநீரைக் குடித்தேன். சரியான நிறம், சரியான பால். மம்மை நினைத்துக்கொண்டு குடித்தேன், பாதியில் அது வெறும் தேநீராகிவிட்டது. ஒரு துளி கண்ணீர்கூட வரவில்லை. கதவைத் திறந்தபோது வாசலில் தூக்குச் சட்டி மூடியோடு இருந்தது. மணியடிக்காமல் கேக் வைத்துவிட்டுப் போனவர்களைப் போலவே அஞ்சலையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த மரியாதையைத்தான் நான் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. 

மறுநாளிலிருந்து அஞ்சலை வரவில்லை. பால் வந்தது, வேறு யாரோ ஊற்றினார்கள். சோறும் வந்தது. "அவளுக்கு வேலை," என்பார் சரோஜாக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டு. எதிர்வீட்டில் மாடு கத்துவது கேட்கும், அவள் அதைத் திட்டுவது கேட்கும். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். கால் ஆறிவிடும், பீட்டரின் லிங்க் வந்துவிடும். இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி மட்டும் திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று வாசல்வரை போவேன். தெருவைக் கடக்க என் காலால் ஆகாது; கூப்பிட என் வளர்ப்பால் ஆகாது. உரக்கக் கூப்பிடக் கூடாது என்று மம் வளர்த்த பிள்ளை நான்.

சடங்கு நாள் வந்தது. அங்கே காலை பதினொன்று, இங்கே மாலை நாலரை. குமார் லேப்டாப்பை டிவியோடு இணைத்தார். தனியாகப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆனால் நாலு மணிக்கே பெண்கள் வந்து பாய் விரித்துவிட்டார்கள். சரோஜாக்கா முன்வரிசை. போகச் சொல்ல வாய் வரவில்லை.

திரையில் சாம்பல் நிறக் கூடம் ஒன்று வந்தது. கேமரா உயரத்தில், பின்பக்கத்தில். தெரிந்ததெல்லாம் முதுகுகளும் பின்னந்தலைகளும். பத்துப் பன்னிரண்டு பேர். தூரத்தில் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பூ. பீட்டர் எழுந்து பேசினான். மம்மின் மார்மலேட் ஒரு தடவை அடிப்பிடித்ததும் அதைப் 'புகை ரகம்' என்று சொல்லித் தேவாலயச் சந்தையில் விற்றுவிட்டதும். முதுகுகள் மெல்லக் குலுங்கின.

"அழுவுறாங்க," என்றாள் ஒருத்தி.

"இல்ல," என்றேன். "சிரிக்கிறாங்க."

 "பொணத்த வெச்சிக்கினா?" என்று கேட்டார் சரோஜாக்கா. அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. "ஒருத்தரு கூட அழுவலியே மாலா. யாருமில்லாத பொணமா அது?"

அழக் கூடாது என்பதில்லை, அங்கே அழுகையை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "உங்கம்மா பேரு இன்னாக்கா?" அஞ்சலை நிலைப்படியில் நின்றிருந்தாள். குளித்த ஈரத்தலை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஜோன்."

அவள் உள்ளே வந்தாள், தலைமுடியை அவிழ்த்துவிட்டாள், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து மார்பில் கை வைத்தாள்.

"சீமையில பொறந்தவளே, சோனம்மா என் தாயே,
பனி கொட்டும் ஊருலதான் தனியாப் போறியே!
பெத்தெடுத்த பொண்ணு இங்க காலொடிஞ்சு கிடக்குதே,
பேரு சொல்லி அழுவதுக்கு ஆளு இல்லியே!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தோளோடு தோள் சேர்த்து, முன்னும் பின்னும் ஆடி, பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்காக. மம்முக்கு ஆர்ப்பாட்டம் பிடிக்காது. ரயிலில் யாராவது உரக்கப் பேசினால் புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வாள். எனக்கு முதலில் வந்தது வெட்கம். பீட்டருக்குக் கேட்டுவிடப் போகிறது என்று பதறினேன். கேட்காது, அந்தக் கேமரா ஒருவழிப் பாதை. அங்கே திரைச்சீலை மெதுவாக, சத்தமேயில்லாமல், பெட்டியை மூடிக்கொண்டு வந்தது. இங்கே ஓலம். நடுவில் மாவுக்கட்டோடு நான். அஞ்சலை கையை நீட்டி என் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். அப்போது என்னிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாடு கத்துவது போல இருந்தது என்று பிறகு குமார் சொன்னார்.

திரை கறுப்பானது. எடுத்தாகிவிட்டது. எடுத்த பிறகு இங்கே செய்வதை அவர்கள் செய்தார்கள். பாயைச் சுருட்டினார்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவினார்கள், என் கட்டுப்போட்ட காலை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்துவிட்டு அதன் அடியிலும் கழுவினார்கள். ஆளுக்கொரு முறை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம்.

"இனிமே அடுப்பு பத்த வெக்கலாம்," என்றார் சரோஜாக்கா.

அஞ்சலை கேஸ் அடுப்பைத் தாண்டி என் மேசைக்கு வந்தாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தாள், என் விரலை எடுத்து சுவிட்சின் மேல் வைத்து அழுத்தினாள். "மொதல்ல இத போடு."

"அன்னிக்கு கதவு சாத்திக்கிட்டேனே," என்று தொடங்கினேன்.

"கால் ஒடிஞ்ச பொம்பள, தாய் செத்த பொம்பள, கதவ சாத்திக்கினு பேச்சு மூச்சு இல்லாம இருந்தா நான் இன்னான்னு நெனக்கிறது? கதவ ஒடைக்க ஆள கூப்பிடத் திரும்பினேன். அப்பதான் இது 'டக்'குன்னுச்சு." கெட்டிலை முறைத்தாள். "சரி, உசுரோடதான் இருக்குது, நம்மதான் வேணாங்குதுன்னு போயிட்டேன். இனிமே சாத்திக்கினா, நல்லாருக்கேன்னு ஒரு குரலாவது குடு. டீ குடி, யாரு வேணாம்னா?"

தலையாட்டினேன். அப்போது போன் அடித்தது. பீட்டர். ஸ்பீக்கரில் போட்டேன், இரண்டு கையையும் அஞ்சலை பிடித்துக்கொண்டாள். எல்லோரும் இன்னும் விற்காமல் வைத்திருக்கும் மம்மின் பழைய வீட்டுக்கு வந்துவிட்டோம், அவளுடைய சமையலறையில்தான் நிற்கிறேன் என்றான். பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம். "உன் பக்கத்தில் என்ன இவ்வளவு இரைச்சல்?" என்று கேட்டான். அவனுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே சொன்னான். "இரு, இங்கே கெட்டிலைப் போட்டிருக்கிறேன்."

 போனிலிருந்து அந்தத் தண்ணீரின் முனகல் வந்தது. மேசையிலிருந்து இந்தத் தண்ணீரின் முனகல். பெண்கள் ஈரத்தலையோடு சுற்றி நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முனகல் ஏறியது, குமுறியது, எங்கோ 'டக்' என்று நின்றது.

"எது நின்னுது?" என்றாள் அஞ்சலை. "இதுவா, உங்கம்மா வூட்டுதா?"

எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று நிற்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.